கவா கிண்ணத்தில் ஒரு கால்

“ஐயோ அக்கா! என் கால் போச்சு!”

கடற்கரையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்த பெனாயா, வாசலில் பொத்தென்று விழுந்தான். அவன் பாதம் வீங்கிச் சிவந்திருந்தது. நடுவில் முள் குத்திய துளைகள். பார்த்ததுமே அக்கா உனைசிக்குப் புரிந்துவிட்டது.

கல்மீன்! கல்லோடு கல்லாகக் கிடக்கும். மிதித்தால் விஷமுள்ளால் குத்திவிடும்.

“செருப்புப் போட்டுட்டுப் போன்னு சொன்னேனா இல்லையா?”

“அப்புறமா திட்டு அக்கா! இப்ப வலிக்குது!”

வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை. அம்மா பெரிய பிளாஸ்டிக் பேசினோடு சிப்பி பொறுக்கப் போயிருந்தாள். பக்கத்துத் தீவுத் தலைவரை வரவேற்க அப்பா படகுத்துறைக்குப் போயிருந்தார். ஊரே அந்த வருகைக்காகத்தான் காத்திருந்தது.

“பச்சத்தண்ணி ஊத்து அக்கா, எரியுது!”

“கூடாது. இந்த வலிக்குச் சூடான தண்ணிதான் நல்லதுன்னு பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் சொன்னாங்க.”

“எரியற காலுக்குச் சூடா? நீ எனக்கு அக்காவா, கல்மீனுக்கு அக்காவா?”

விருந்தாளிகளின் தேநீருக்காகக் கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆனால் எதில் ஊற்றுவது? ஒரு பானையில் சேப்பங்கிழங்கு, இன்னொன்றில் தேங்காய்ப்பால் மீன்குழம்பு. வாளியோ ஓட்டை.

பாயின் நடுவே அது மட்டும் காலியாக இருந்தது. விருந்தாளிக்கு மரியாதையாகக் கொடுக்கும் வேர்ப் பானம் கவா; அதைத் தலைவருக்குக் கரைக்க வைத்திருந்த அகலமான மரக்கிண்ணம். அதைத் தாண்டிப் போனாலே பிள்ளைகளுக்குத் திட்டு விழும்.

உனைசி கிண்ணத்தைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் அழக்கூட முடியாமல் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது.

கிண்ணத்தில் வெந்நீரை ஊற்றி, பச்சைத்தண்ணீர் கலந்து, தன் கையை விட்டுப் பார்த்தாள்.

“நீ ஏன் கையை விடற?”

“உன் கால் இப்ப வலியில இருக்கு. சூடு ஜாஸ்தியானா அதுக்குத் தெரியாது. வெந்துடும்.”

கை தாங்கும் சூடு வந்ததும் தம்பியின் காலை உள்ளே வைத்தாள். அவன் முனகல் கொஞ்சம் கொஞ்சமாக விசும்பலாகக் குறைந்தது.

அப்போது கதவு திறந்தது. அப்பா, அவருக்குப் பின்னால் தலைவர், அவருக்குப் பின்னால் தீவுக்காரர்கள். எல்லோரும் வைத்த அடி வைத்தபடி நின்றார்கள்.

“உ... உனைசி! அது... அதுல...” அப்பா கிண்ணத்தைக் காட்டினார்.

“காலா? கவா கிண்ணத்துல காலா?” ஒருவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

தப்பு செய்தவர்கள் அந்த ஊரில் கவா வேரை வைத்துத்தான் மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர்கள் செய்கிற காரியம் அது. உனைசி மூலையிலிருந்த வேர்க்கட்டைத் தூக்கி வந்து, தலைவர் முன்னால் வைத்து, தலை குனிந்து உட்கார்ந்தாள்.

“என் தம்பியைக் கல்மீன் குத்திடுச்சு, தலைவரே. இந்தக் கிண்ணத்துல கால் வெச்சது தப்புதான். மன்னிச்சுக்கோங்க. ஆனா இப்ப காலை எடுக்க மாட்டோம். எடுத்தா வலி திரும்பிடும்.”

“அடேயப்பா! மன்னிப்புக் கேட்டுக்கிட்டே தப்பு பண்றாளே!” என்றது ஒரு குரல்.

தலைவர் வேர்க்கட்டைத் தொடவில்லை. அவர் தொடாவிட்டால் மன்னிப்பு இல்லை. வந்த படகு அப்படியே திரும்பிவிடும். அப்பாவின் முகம் வெளுத்தது.

“அக்கா, தண்ணி ஆறிடுச்சு. மறுபடி வலிக்குது.”

தலைவர் சட்டென்று குனிந்து வேர்க்கட்டைத் தொட்டார். கைகளைக் குவித்து ஓங்கித் தட்டினார். மன்னித்தாயிற்று! பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக் கிண்ணத்துக்குள் கையை விட்டார்.

“ஆமா, ஆறிப்போச்சு. என்னப்பா மரம் மாதிரி நிக்கறீங்க? கெட்டிலைக் கொண்டாங்க!”

அத்தனை பேரும் அடுப்படிக்கு ஓடினார்கள்.

“காலை வெளிய எடுத்துட்டுத்தான் ஊத்தணும், தலைவரே,” என்றாள் உனைசி.

“சரிம்மா, சரிம்மா.” தலைவர் கையை விட்டுப் பார்த்தார். “இது போதுமா பாரு.”

சற்று நேரத்தில் தலைவரின் படகிலேயே அப்பா பெனாயாவை நர்ஸிடம் கொண்டுபோனார். சாயங்காலம் அவன் காலில் கட்டோடும் வாயில் மிட்டாயோடும் திரும்பினான்.

அதற்குப் பிறகுதான் விருந்தே தொடங்கியது. கவாவை அம்மாவின் நீலப் பிளாஸ்டிக் பேசினில் கரைத்தார்கள். தலைவர் ஒரே மூச்சில் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“நல்லா இருக்கு,” என்றார் அவர். “கொஞ்சம் சிப்பி வாசனை அடிக்குது. கால் வாசனைக்கு இது தேவலை!”