கதவடியில் நாலு விரல்

வெளியே பூட்டுத் தொங்கியது. உள்ளே வளையல் சத்தம் கேட்டது.

ஜஹனாரா தட்டுவதற்காகத் தூக்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டாள். எழுபத்துமூன்றாம் வருஷத்து ஐப்பசி மழை காலையிலிருந்து விடாமல் பெய்து, பகல் மூன்று மணியை விளக்கு வைக்கும் நேரமாக்கியிருந்தது. கீழே பாத்திரக் கடையில் யாரோ பித்தளைத் தவலைகளை அடுக்கும் ஓசை சுவருக்குள்ளேயே நடப்பது போல மேலேறி வந்தது. நனைந்த சாக்கு, புளி, ஈரச் சுண்ணாம்பு எல்லாம் கலந்த வாடைக்கு அடியில், சொம்பில் மறந்துபோன பூத்தண்ணீர் போல இன்னொரு வாடையும் இருந்தது.

"புஷ்பம்?"

வளையல் நின்றது.

தங்கபுஷ்பத்தை அவளுக்கு ஏழு மாதமாகத்தான் பழக்கம். மயிலாப்பூரில் டாக்டர் தேவானை தன் வீட்டின் முன்னறையில் வைத்தியம் பார்ப்பவர். புதன்கிழமை மத்தியானம் மட்டும் பின்கட்டு அறையைத் திறந்து பாய் விரித்து வைப்பார். அந்த அறையில் ஊசி கிடையாது, மருந்துச் சீட்டு கிடையாது. புருஷனிடம் அடிபட்ட நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேசுவார்கள். பேச முடியாதவர்கள் அழுதுவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். தலாக் வாங்கிக்கொண்டு ராயப்பேட்டையில் அண்ணன் வீட்டு ஓரத்து அறையில் தையல் மெஷினோடு ஒதுங்கியிருந்த ஜஹனாரா, அங்கே மூன்று மாதம் வாயே திறக்கவில்லை. திறக்க வைத்தவள் புஷ்பம்தான். வீங்கிய உதட்டோடு முதல் நாள் வந்தவள், "படியில விழுந்துட்டேன்" என்றாள். ஜஹனாராவுக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் எத்தனை தடவை விழுந்திருக்கிறாள், அதே படியில். புஷ்பம் திகைத்துப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் சிரித்து முடித்து அழுதார்கள்.

மூன்று வாரம் முன்பு பஸ் ஸ்டாப்பில் புஷ்பம் கேட்டாள். "யக்கா, ஒரு ரெண்டு நாளைக்கு ஒங்ககூட இருந்துக்கிடட்டுமா?"

ஜஹனாராவின் மனதில் உடனே தெரிந்தது, அண்ணன் வீட்டுக் கதவை ஓங்கி உதைக்கும் ஓர் ஆணின் கால். அந்தக் கால் புஷ்பத்தின் புருஷன் தனபாலனுடையதா, தன் பழைய புருஷனுடையதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

"அடுத்த வாரம் பாக்கலாம்மா. அண்ணன்கிட்ட கேட்டுட்டு சொல்றேன்."

அண்ணனிடம் அவள் கேட்கவேயில்லை. அடுத்த புதன் புஷ்பம் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. இன்றும் பாயில் அவள் இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும் ஜஹனாரா டாக்டரிடம் விலாசம் வாங்கிக்கொண்டாள். "ஒரு மணி நேரம் பொறுத்துக்கோ, நானும் வரேன். தனியாப் போகாதே" என்றார் டாக்டர். அவளால் பொறுக்க முடியவில்லை. தி. நகரில் இறங்கி, உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் சந்து சந்தாக விசாரித்து வந்துவிட்டாள்.

"யக்காவா?"

குரல் கதவுக்கு மிக அருகே, மிகத் தாழ்வாக, தரையோடு தரையாக வந்தது.

"நான்தாம்மா. இன்னாத்துக்கு வெளிய பூட்டிக்கினு போயிருக்கான்?"

"அவுக வெளிய போயிருக்காவ."

"சாப்ட்டியா?"

"பசிக்கல."

"அடிச்சானா?"

மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இப்ப வலிக்கலக்கா."

கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருந்தது. அதன் வழியாக நாலு விரல்கள் மெதுவாக வெளியே வந்தன. ஜஹனாரா ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து அவற்றைப் பற்றிக்கொண்டாள். இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய துணியைத் தொட்டது போலிருந்தது. அவள் புர்கா முனையால் அந்த விரல்களைப் போர்த்தித் தேய்த்துவிட்டாள். சூடேறவில்லை.

"மன்னிச்சுக்க புஷ்பம். நான் அண்ணன்கிட்ட கேக்கவேயில்ல. பயந்துட்டேன்."

"தெரியும்க்கா."

அதில் கோபமே இல்லை. அதுதான் ஜஹனாராவின் நெஞ்சை அறுத்தது. அவள் கையை விடாமலே படிப்பக்கம் திரும்பிக் கத்தினாள். பாத்திரக் கடைக்காரர் சிதம்பரநாதன் பாதிப்படி வரை ஏறி வந்து நின்றார்.

"அங்க ஆளே கெடையாதேம்மா. திங்கக்கெழமையே ரெண்டு பேரும் ஊருக்குப் போறோம்னு சொல்லிப் பூட்டிட்டுப் போனான்."

"பொய் சொல்லிட்டுப் போயிருக்கான். உள்ள கீறா. என் கைய புடிச்சிக்கினு கீறா. பூட்ட ஒடைங்க!"

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கடப்பாரை எடுக்க இறங்கிப் போனார்.

"கேட்டியா? கதவ ஒடைக்கப் போறாங்க. நேரா என் ரூமுக்குத்தான் போறோம். யார் வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"பயமாயிருக்குக்கா."

பயம் நெஞ்சை அடைக்கும்போது டாக்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். ஜஹனாரா கதவோடு வாயை வைத்துச் சொன்னாள்: "கண்ணுக்கு இன்னா தெரியுதோ, ஒண்ணொண்ணா சொல்லு. சொல்லு, நான் கேட்டுக்கினுதான் கீறேன்."

"அடுப்பு."

"அப்புறம்?"

"அம்மி. கொட்டிக் கெடக்க சோறு."

"அப்புறம்?"

"என் காலு. என் சீலை. என் கையி."

குரல் தேய்ந்துகொண்டே வந்தது. காதைக் கதவில் ஒட்டினாள். பேச்சு கேட்டது. மூச்சு கேட்கவில்லை.

"அப்புறம்... புஷ்பம்?"

"என் மொகம்."

"கண்ணாடியிலயா?"

"கண்ணாடி இல்லக்கா."

ஜஹனாராவின் கையைச் சுற்றி அந்த விரல்கள் இறுகின. படியில் காலடி. சிதம்பரநாதன். கடப்பாரை. ஒரு அடி. இரண்டாவது அடி. பூட்டு தெறித்து விழுந்தது. கதவு உள்பக்கமாகச் சாய்ந்து திறந்தது.

வாடை முகத்தில் அறைந்தது.

கதவுக்குப் பின்னால் யாருமில்லை. வெறும் தரை. அதற்கப்பால் நீளமான கூடம். கூடத்தின் கோடியில் சமையலறை. அடுப்புக்குப் பக்கத்தில், சிதறிய சோற்றின் நடுவே, புஷ்பம் மல்லாந்து கிடந்தாள். முகம் கறுத்து ஊதியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. ஈக்கள்.

சிதம்பரநாதன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வரை ஓடி, அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"செத்து ரெண்டு நாளாயிருக்கும் போலிருக்கே... பாவி, கொன்னுட்டுல்லா பூட்டிட்டுப் போயிருக்கான். எந்திரிம்மா. நீ பாக்காத. எந்திரி."

ஜஹனாரா எழுந்திருக்கவில்லை. அவளுடைய வலது கை திறந்த வாசலுக்குக் குறுக்கே, ஒன்றுமில்லாத இடத்தில் நீண்டிருந்தது. அதைச் சுற்றி நாலு விரல்கள், ஈரமாக, ஜில்லென்று, இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.