நாற்பத்தோரு வார்ப்புருக்கள்

தாழைக் கோளில் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டை உருக்கும் நாள். காலை ஆறு மணிக்குச் சட்டி பானை, படுக்கை, பிள்ளைகள், எல்லாவற்றையும் தெருவில் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூச்சுக்கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பார்கள். சுவர்கள் கஞ்சியாகக் கரைந்து பள்ளத்தில் வடியும். வார்ப்பான் என்ற பெரிய எந்திரம் வந்து, பத்து மணிக்குள் அதே கஞ்சியால் புது வீட்டை வார்த்துவிடும். அங்கத்துப் பனியில் புளிப்பு அதிகம். எந்தச் சுவரும் எட்டு நாளுக்கு மேல் தாங்காது.

அதில் ஒரு வசதியும் இருந்தது. மருமகள் வந்தால் அடுத்த வெள்ளி ஓர் அறை கூடும். மாமியாரோடு சண்டை வந்தால் ஒரு சுவர் கூடும். இந்த மாற்றங்களையெல்லாம் கணினியில் வரைந்து கொடுக்கும் இடம்தான் நகர வரைவகம்.

பிலோமினா அங்கே துணை வரைவாளர். பதினோரு வருடங்களாக உட்கார்ந்து நாற்பத்தோரு வார்ப்புருக்களைச் செய்து வைத்திருந்தாள். வார்ப்புரு என்பது வேறொன்றுமில்லை, வரைபடத்துக்கான அச்சு. அதைத் திறந்து வரைந்தால் அளவு அலகு, கதவு உயரம், சுவர்க் கனம் எல்லாம் தாமாகவே சரியாக அமைந்துவிடும். ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் விரிசல்களைத் தொட்டுப் பார்த்து, கணக்குப் போட்டு, வடக்குச் சுவரின் கனத்தை நான்கு விரலிலிருந்து ஆறு விரலாக உயர்த்தியவள் அவள்தான்.

தலைமை வரைவாளர் தணிகாசலம் செய்தது ஒரே ஒரு வேலை. நாற்பத்தொன்றின் மூலையிலும் ‘ஆக்கம்: தணிகாசலம்’ என்று போட்டுக்கொண்டார். குடியேற்ற நாள் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘நகரச் சிற்பி’ பட்டமும் கொடுத்தார்கள். பிலோமினா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். வேறு வழி?

மறுநாள் அவள் நாற்பத்தோரு கோப்புகளையும் தனக்கு மட்டும் தெரிந்த ஓர் அடுக்குக்குள் நகர்த்திவிட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

‘வரட்டும். வாசல்ல நின்னு கெஞ்சட்டும். ஊரைக் கூட்டி, இது பிலோமினா செஞ்சதுன்னு சொன்னாத்தான் கோப்பு’ என்று வீட்டில் காத்திருந்தாள். கதவு தட்டும் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தாள். ஒரு நாள் போயிற்று. மூன்று நாள் போயிற்று. வெள்ளிக்கிழமையும் வந்து, ஊர் கரைந்து, ஊர் எழும்பியது. யாரும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் வரைவகத்துக்கே போனாள். அந்தோணிப்பிச்சை பக்கத்து மேசைக்காரர்; நாற்பது வயதாகியும் அவளை அக்கா என்பார்.

“ஏம்பா, திரையில ஒண்ணும் வரலியா?”

“வருதேக்கா. ‘வார்ப்புருவைக் காணவில்லை’ன்னு என்னவோ வருது. ‘சரி’ய அமுக்குனா போயிருது.”

“போயிருதா! பெறவு எதை வச்சு வரையுதீங்க?”

“எப்பவும் போலத்தான். பழைய வீட்டைத் திறந்து, வேற பேர்ல சேமிச்சு, ஒரு ரூமைத் தள்ளி ஒரு ரூமைப் போடுறது. புதுசா யாரு ஆரம்பிப்பா? உங்களுக்கு வேற வேலையில்ல!”

அவர் திரையைப் பார்த்தாள். கோப்பின் பெயர் ‘முதல்வீடு-நகல்-இறுதி-கடைசி-இதுதான்கடைசி’. அவள் வேலைக்குச் சேரும் முன்பே எவரோ வரைந்தது. வடக்குச் சுவர் நான்கு விரல்.

பதினோரு வருட உழைப்பு ஒரு வீட்டுக்குள்ளும் போகவில்லை. ஊரே மெல்லிய சுவருக்குள் படுத்துத் தூங்குகிறது. உடனே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததும்தான். ஆனால் தணிகாசலம் பொன்னாடையோடு நின்ற கோலம் கண்ணில் வந்தது. புயல் காற்று அடிக்கும்போது சனம் வழக்கம்போல மலைக் குகைக்குள் ஒதுங்கிவிடும்தானே, உயிருக்கு ஒன்றுமில்லை. விரிசல் விட்டால் அவர் பெயர்தானே நாறும் என்று விழுங்கிக்கொண்டாள்.

தாழையில் காகிதமும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. திரையில் ‘சரி’ மேல் விரல் வைத்தால் அதுவே பத்திரம், அதுவே சாட்சி. அந்தச் சட்டம் நினைவுக்கு வந்ததும் பிலோமினாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அறிவிப்பின் வாசகத்தை எழுதும் உரிமை வார்ப்புருக்களைப் பராமரிக்கும் அவளிடம்தான் இருந்தது. வரைபடங்களைத் திறந்து ஒப்புதல் கொடுக்கும் தணிகாசலத்தின் திரைக்கு மட்டும் அதை மாற்றினாள்:

‘வார்ப்புருவைக் காணவில்லை. வார்ப்புருக்களைச் செய்தவர் பிலோமினா. நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன். என் பதவியை அவருக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறேன்.’

மூன்று நாளில் பதினேழு முறை ‘சரி’ என்றார் தணிகாசலம்.

பிலோமினா புகார் கொடுத்ததும், நகரப் பேரவையில் அந்தப் பதினேழையும் வரிசையாகக் காட்டினார்கள். அவர் முகம் வெளிறிப்போனது. “நான் வாசிக்கலியே” என்றார் மெதுவாக.

“வாசிக்காம விரலை வைப்பீங்களா சார்? சின்னப் பிள்ளையா நீங்க?” என்று பிலோமினா எல்லோர் முன்னாலும் கேட்டாள். சபை சிரித்தது. எத்தனையோ வருடத்து எரிச்சலுக்கு அந்தச் சிரிப்பு மோர் வார்த்தமாதிரி இருந்தது.

திங்கட்கிழமை பதவியேற்பு. அறை நிறையக் கூட்டம். பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி இரண்டு பேர். அவள் முன்னால் பொறுப்பேற்பு ஆவணம் திரையில் நின்றது, அறுபத்து மூன்று பக்கம்.

“தாயீ, சீக்கிரம் அமுக்குங்க, கை வலிக்குது” என்றார் பொன்னாடைக்காரர். பிலோமினா ஒரே இழுப்பில் அடிவரை தள்ளி, விரலை வைத்தாள்.

வருகிற வெள்ளி முதல் ஆறு விரல் சுவர்தான், இத்தனை நாள் இருந்த குறை முழுவதும் பழைய தலைமையுடையது என்று அறிவிப்பதற்கு வசனம்கூட யோசித்து வைத்திருந்தாள். காற்று வெள்ளிவரை பொறுக்கவில்லை. புதன்கிழமை வடக்கிலிருந்து அடித்தது. சனம் குகையில் இருந்ததால் ஒருவருக்கும் கீறல் இல்லை. ஆனால் எழுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளின் வடக்குச் சுவர் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது.

பேரவை மண்டபத்தில் ஊரைக் கூட்டி விசாரணை வைத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி மெலிந்த பெண், குரலே உயர்த்தாதவர்.

“இது அவர் காலத்து வேலைம்மா! என் வார்ப்புருவுல ஆறு விரல் இருக்கு, திறந்து பாருங்க!” என்றாள் பிலோமினா.

“பார்த்தேன். நாலு விரல்தான் நடப்புல இருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பதிலுக்குக் காத்திராமல் அதிகாரி பொறுப்பேற்பு ஆவணத்தின் நாற்பதாம் பக்கத்தைத் திறந்து, நிதானமாக வாசித்தார்.

“‘முதல் வீடு தொடங்கி இந்நகரின் எல்லா வரைபடங்களையும் பரிசோதித்தேன். அவற்றின் குறைகளும் என்னுடையவை. இனி எல்லாவற்றிலும் ஆக்கம் என் பெயரிலேயே இருக்கட்டும்.’ திங்கட்கிழமை விரல் வச்சிருக்கீங்க. எழுநூற்றுப் பன்னிரண்டு வீட்டுலயும் இப்ப உங்க பேருதாம்மா இருக்கு.”

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் மெல்லக் கை தட்டினார்.

“வாசிச்சுப் பாத்துத்தானே வச்சீங்க?” என்றார் அதிகாரி.

சொல்லுங்கள் கண்ணுகளா, அவள் என்ன பதில் சொல்வாள்? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?