சேனாவுக்குப் பதிலாக

மச்சம் போகவில்லை.

தேங்காயெண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தால் மச்சமாக வைத்த மை கரைந்து வந்துவிடும், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவினால் கொளஞ்சி வெறும் கொளஞ்சியாகிவிடுவான், இத்தனை வருஷமாக அப்படித்தான். ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் நடிகர் ஜெயசேனன் வேஷம் போட்டு ஆடிவிட்டு, விடிந்த பிறகுதான் சிதம்பரத்தில் வீடு வந்து சேர்ந்திருந்தான். வாளித் தண்ணீரின் பாசி வாசனை, பக்கத்து வீட்டு மிக்சியின் இரைச்சல், கையகலக் கண்ணாடியில் வழியும் ரோஸ் பவுடர், எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தன. பஞ்சு மட்டும் வெள்ளையாகவே திரும்பி வந்தது. விரலால் தடவிப் பார்த்தான். மச்சம் மேடாக இருந்தது. அதில் ஒரு முடி முளைத்திருந்தது.

"சத்யா, இந்த மச்சம் எனக்கு எப்பலேர்ந்து இருக்கு?"

அவன் மனைவி சத்யப்பிரியா அரிசி களைந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள். "என்னாங்க கேள்வி இது? பொண்ணு பாக்க வந்தப்பவே இருந்துச்சே. அத பாத்துதான எங்கம்மா, மாப்ள சேனா மாரியே இருக்காருன்னுச்சு."

அன்றைக்கும் அவன் மை வைத்துக்கொண்டுதான் போயிருந்தான். அதை இவளிடம் எந்த வாயால் சொல்வது?

சேனா இல்லையென்றால் கொளஞ்சி யார்? காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவன். ஆள் நிற்பதே தெரியாமல் காலை மிதித்துக்கொண்டு போவார்கள். சேனாவின் நடையைப் பழகிய பிறகுதான் முதுகு நிமிர்ந்தது. அந்தக் கரகரத்த குரலைப் பிடித்த பிறகுதான் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். ஆடல் பாடல் குழுவில் சேர்ந்ததும் ஊரே "சேனாண்ணே" என்றது. பிடித்த மனிதரைப் பார்த்துத் தன்னை ஆளாக்கிக்கொண்டோம், இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்திருந்தான். இப்போது துடைத்துக் கழுவிய முகத்தில் அந்தப் பழைய ஆள் ஒரு மூலையிலும் அகப்படவில்லை.

மத்தியானம் செய்தி வந்தது. ஜெயசேனன் சென்னையில் இறந்துவிட்டார்.

கொளஞ்சி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான், உதட்டைக் கடித்து, ஒற்றைக் கையால் நெற்றியை மூடி, படத்தில் சேனா அழுகிற மாதிரியே அழுதுகொண்டிருந்தான். தன் அப்பா செத்தபோது எப்படி அழுதோம் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. பயத்தில் அழுகையே நின்றுவிட்டது.

சாயங்காலம் வாசலில் வேன் வந்து நின்றது. கடலூர் ரசிகர் மன்றச் செயலாளர் தேவநாதன் கறுப்புப் பட்டையோடு இறங்கினான்.

"மச்சான், மெட்ராசுக்குப் போவ முடியாதவங்க எவ்ளோ ஜனம் தெரியுமா? பொம்பளைங்க, வயசானதுங்க. கடலூர்ல பந்தல் போட்டுட்டோம். வெறும் போட்டோவுக்கு மால போட்டா மனசு ஆறுமா? கண்ணாடிப் பொட்டி வெச்சிருக்கோம். சித்த நேரம் நீ படுத்துக்க. மூடிய லேசா தொறந்தே வெக்கறோம்."

"நான் உசுரோட இருக்கறவன்டா" என்றான் கொளஞ்சி. வந்தது சேனாவின் குரல். தன் குரலில் சொல்லப் பார்த்தான். தொண்டைக்குள் எங்கே தேடியும் வேறு குரல் இல்லை. சேனாவின் குரலைக் கேட்டதும் தேவநாதன் வாசல்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். சேனா எந்த ரசிகனையும் அழவைத்துவிட்டுப் போனதில்லை. கொளஞ்சியின் கால்கள் தானாக வேனில் ஏறின.

"பின்னாடியே பஸ்ல வரேங்க" என்றாள் சத்யா. "வந்து கூப்புடறேன், எழுந்து வந்துடுங்க."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் படுத்தான். அவள் கூப்பிடுவாள், எழுந்துவிடலாம். மூச்சுக்கு இடம் விட்டு மூக்கில் பஞ்சு வைத்தார்கள், கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள், ஜவ்வாது பூசினார்கள். சம்பங்கியும் ஊதுபத்தியும் நூற்றுக்கணக்கான உடம்புகளின் வியர்வையும் கலந்து கண்ணாடிக்குள் இறங்கியது, பேண்டு சத்தத்துக்கு மேலே பெண்கள் மாரடித்துக் கதறினார்கள். இப்படி ஓர் அழுகை கொளஞ்சிக்காக யாரும் அழுததில்லை. கூட்டம் நெருக்கியடித்ததில் மாலைகளின் பாரத்தோடு மூடி இறங்கியது. டக்கென்று பூட்டிக்கொண்டது.

கையைத் தூக்கப் பார்த்தான். வரவில்லை. விரலாவது. அதுவும் இல்லை. கண் மட்டும் இமையிடுக்கில் பார்த்தது.

சத்யா வந்தாள்.

கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து அழுதாள். "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியே சாமி!" கூப்பிடு, சத்யா. கூப்பிடு. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நிமிர்ந்தாள். பின்னால் திரும்பிக் கூப்பிட்டாள்.

"என்னாங்க, நீங்களும் ஒருதரம் பாத்துக்குங்க."

ஓர் ஆள் குனிந்தான். ஒடுங்கிய தோள். யாரும் திரும்பிப் பார்க்காத முகம்.

கொளஞ்சியின் முகம்.

அந்த ஆள் பயபக்தியாகக் கும்பிட்டான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"போலாம் சத்யா" என்றான். மெல்லிய, கூச்சப்பட்ட குரல். கொளஞ்சியின் குரல்.

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் கூட்டத்துக்குள் போனார்கள். அடுத்த பெண் கண்ணாடியில் நெற்றியை முட்டி அழுதாள்.

பெட்டிக்குள்ளிருந்தவன் மூச்சை வெளியே விட்டுப் பார்த்தான்.

மூக்குக்கு நேராகக் கண்ணாடி. துளிகூடப் பனிக்கவில்லை.