ஆனைக்கசத்துப் பச்சைக் கோடு

அம்பாசமுத்திரத்திலிருந்து மினி பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் ஆலடித்துறை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நானும் பீர் மைதீனும் அங்கே இறங்கினோம். தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில், போனில் வரைபடம். நல்ல வெயில். வயலில் நடவுப் பாட்டுகூடக் கேட்டது.

நான் மகாராஜன். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பீர் மைதீன் கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறவர். நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து, தாமிரபரணிக் கரையில் நடக்கத் தோதான பாதைகளை ஒரு வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் கரை, வயல் வரப்பு, தோப்பு வழி. யார் வேண்டுமானாலும் நடந்து, போனில் பதிவாகும் தடத்தை எங்களுக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. அந்த ஊர்க்காரர் ஒருவர் கூடவே நடந்து காட்டினால்தான் பச்சைக் கோடு. அதுவரை வெறும் புள்ளிக் கோடு. பச்சைக் கோட்டைத் தொட்டால் அந்த ஊர்க்காரரின் பெயரும் வீடும் வரும். சந்தேகம் வந்தால் நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

இந்தக் கண்டிப்பை எழுதி வைத்தவனே நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆலடித்துறையில் எங்களுக்கு வழி காட்ட வந்தவள் சுடலைவடிவு. நடவு வேலைக்குப் போகிற அக்கா. ஐம்பது வயதிருக்கும், கறார்ப் பேச்சு. வாய்க்கால் கரையோடு கூட்டிப் போய் ஆற்றுத் துறையில் நிறுத்தினாள். பாதை ஆற்றைத் தாண்டி அக்கரை மாந்தோப்புக்குப் போகிறது.

“இதுக்கு மேல இன்னைக்கு ஏலாது சாரு. நடவுக்கு ஆள் காத்துக் கெடக்கு. தாண்டுத எடம் ஒண்ணு இருக்கு, அத நின்னுதான் காட்டணும், வாயால சொன்னா வெளங்காது. அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க, நானே இறங்கிக் காட்டுதேன். அதுவரைக்கும் கோடு கீடு போட்டுராதிய.”

“சரிக்கா” என்றேன். நாங்கள் பாலம் வழியாகச் சுற்றிப் போய் அக்கரைத் தோப்பையும் பதிந்துகொண்டு திரும்பினோம்.

வியாழக்கிழமை வரைபடத்தின் தொடக்க விழா. பேனரில் ‘இருபத்தைந்து பாதைகள்’ என்று அச்சடித்தாகிவிட்டது. கையில் இருந்தவை இருபத்து நான்கு. புதன்கிழமை சாயங்காலம் ஆய்வகத்தில் உட்கார்ந்து, இக்கரையையும் அக்கரையையும் விரலால் ஒரே இழுப்பாக இணைத்தேன். பச்சை நிறம் கொடுத்தேன். ஊர்க்காரர் என்ற இடத்தில் ‘சுடலைவடிவு’ என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சரிசெய்துகொள்ளலாம், அதற்குள் யார் வரப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமையே ஒருவன் வந்தான்.

மணிராஜ். இருபத்தாறு வயது. கங்கைகொண்டானில் ஒரு ஆலையில் வேலை. லீவு நாளில் தனியாக நடக்கப் பிரியப்படுகிறவன். நான் போட்ட கோட்டின் மேலேயே ஆற்றில் இறங்கியிருக்கிறான். அது நேரே ஆனைக்கசம் என்கிற மடுவுக்குப் போகிற வழி. மேலே முழங்கால் தண்ணீர் மாதிரி தெரியும், உள்ளே இரண்டு ஆள் ஆழம். மறுநாள் உச்சி நேரத்தில்தான் பிணத்தை எடுத்தார்கள்.

அவன் தாய் எங்களிடம் வரவில்லை. வரைபடத்தில் இருந்த பெயரைத் தேடி ஆலடித்துறைக்குப் போனாள். சுடலைவடிவின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “எம்பிள்ளைக்கு வழி காட்டுனவ நீதானேட்டி” என்று கேட்டாளாம். சுடலைவடிவு தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியும் ஊர் நம்பவில்லை. நடவுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எல்லாம் எனக்குத் தெரியும். பச்சைக் கோட்டைப் புள்ளிக் கோடாக மாற்றினேன். பெயரை மட்டும் தொடவில்லை. நிறத்தை மாற்றினால் வெளியே தெரியாது; பெயரை மாற்றினால் மாற்றியது யார் என்று வரைபடமே எல்லோருக்கும் காட்டும். எனக்கு வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது. பயந்தேன். அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பகல் பன்னிரண்டு மணிக்கு, என் போனுக்கு ஒரு புதிய தடம் வந்தது.

அனுப்பியவர்: மணிராஜ்.

தடம் ஆற்றின் நடுவில் தொடங்கியது. அறுபது தப்படி. துறையில் நின்றது.

பீர் மைதீன் கடைக்கு ஓடினேன்.

“என்னவே, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கீரு?” என்றார். போனைக் காட்டினேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

“அந்தப் பையனோட போன அவன் உம்மா, நான் யாருன்னு தெரியாம எங்கடைக்குத்தாம்வே கொண்டாந்தாவ, அதுல இருந்த போட்டோவ எடுத்துத் தரச் சொல்லி. உள்ள பூராம் மண்ணு. இந்தா, என் மேசைலதான் கெடக்கு.”

பிரித்துப் போட்ட போன். பேட்டரி தனியே கிடந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு அடுத்த தடம். முந்தின நாள் நின்ற இடத்தில் தொடங்கி வாய்க்கால் கரையில் ஏறியது.

அதற்கு மறுநாள் வாழைத் தோட்டம்.

அதற்கு மறுநாள் ஊர்.

தெருவில் மூன்று வீடுகளைத் தாண்டி நான்காவது வீட்டில் நின்றது. வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. நான் எழுதிய பெயர்.

அன்றே நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. மூன்று நாள் வயிற்று வலி என்று வீட்டில் படுத்துக் கிடந்தேன். மூன்று நாளும் பன்னிரண்டு மணிக்குத் தடம் வந்தது. அது இப்போது நகரவில்லை. ஒரே புள்ளி. முதல் நாள் பத்து நிமிடம் நின்றது. இரண்டாம் நாள் அரை மணி. மூன்றாம் நாள் ஒரு மணி நேரம்.

நான்காம் நாள் மினி பஸ் ஏறினேன்.

உச்சி வெயில். ஆலடித்துறைத் தெருவில் ஒரு ஆள் இல்லை. நாய்கள்கூட எங்கோ ஒதுங்கியிருந்தன. ஆற்றுச் சகதி நாறியது. ஆறு அங்கிருந்து ஒரு மைல் தள்ளி ஓடுகிறது. சிமெண்டு ரோட்டில் கால் வைத்தால் செருப்பைத் தாண்டிச் சுட்டது. அந்தச் சூட்டில் ஈரக் காலடிகள் கிடந்தன.

காயவில்லை.

நான்காவது வீட்டு வாசலில் அவை முடிந்தன. கதவு சாத்தியிருந்தது. நெஞ்சு உயரத்துக்கு மரம் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. அந்த இடத்தில் ஒரு ஆள் சாய்ந்து நிற்கிற அளவுக்கு வெயில் படவில்லை.

பின்வாசல் வழியாகப் போனேன். சுடலைவடிவு சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

“பையப் பேசுங்க” என்று கிசுகிசுத்தாள். “அங்கன நிக்கான். தட்டவும் மாட்டான், கூப்பிடவும் மாட்டான். சாஞ்சு நிக்கான். நான் என்ன பாவம் பண்ணேன் சாரு? நான்தான் அன்னைக்கு ஆத்துல இறங்கவே இல்லியே?”

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருந்தது.

“யக்கா, கோடு போட்டது நான். ஒங்க பேர எழுதுனதும் நான்தான்.”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தத் தாய் என் வாசல்ல மண்ண வாரித் தூத்தும்போது நீங்க எங்க இருந்திய?”

நான் போனை வெளியே எடுத்தேன்.

“எம்பேர எடுங்க. இப்பவே. எங்கண்ணு முன்னால.”

ஊர்க்காரர் என்ற இடத்தில் அவள் பெயரை அழித்தேன். அந்த இடத்தைக் காலியாக விட வரைபடம் சம்மதிக்கவில்லை. என் பெயரை எழுதினேன். கீழே வீட்டைக் கேட்டது. என் வீட்டைக் குறித்தேன்.

கதவு லேசாக முனகியது. சாய்ந்திருந்த பாரம் விலகியது மாதிரி. சொத் சொத்தென்று காலடிச் சத்தம் தெருவில் இறங்கிப் போயிற்று. கசிந்த தண்ணீர் நின்றது.

சுடலைவடிவு எழுந்து கதவைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பாமலே, “போங்க” என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்து உட்கார்ந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் எத்தனையோ நாளைக்கு அப்புறம் மூச்சு முழுதாக இறங்கியது. நாளைக்கு அந்தத் தாயைப் போய்ப் பார்க்க வேண்டும், காலில் விழ வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. என் மனைவி முத்துராணி.

“ஏங்க, எங்க இருக்கிய? பாதை கேட்டு ஒரு தம்பி வந்திருக்கு. ஆத்துல விழுந்திருக்கும் போல, சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கு. துண்டு குடுத்தேன், வாங்க மாட்டேங்குது. ஒங்க கூடத்தான் நடக்கணுமாம்.”

துள்ளி எழுந்தேன்.

“முத்து, எங்க நிக்கான்? வாசல்லயா? கதவச் சாத்து. ஒடனே சாத்து.”

“நல்லாருக்கே, வீடு தேடி வந்த புள்ளைய வாசல்லயா நிக்க வைப்பாவ?” என்றாள் அவள். “உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கேன்.”