பதினாறாம் எண் முள்

கூட்டேரிப்பட்டில் பேருந்து நின்றபோது மழை வலுத்திருந்தது. ஏறியவள் குடையை மடக்கினாள்; கோபத்தை மடக்கவில்லை. ஜன்னலோரம் அமர்ந்ததும் கைப்பேசியில் தொடங்கிவிட்டாள்.

"எழுதிக் குடுத்த மணி அளவ மாத்திக் கட்டி அனுப்பியிருக்கான்டி வேணி. விழுப்புரத்துக்குத்தான் போய்க்கினு இருக்கேன். அந்த மடையன் மூஞ்சியிலயே வீசிட்டு வர்றேன்."

அவள் ஆஷ்லின். மயிலம் சாலையில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் அவளும் வேணியும் இன்னும் நான்கு பெண்களும் மீன்பிடிக்கும் பூச்சிகளைக் கட்டுகிறார்கள். தூண்டில் முள்ளில் ஒரு பித்தளை மணியைக் கோத்து, நூலும் இறகும் சுற்றி, மீன் நம்பும்படி ஒரு பொய்ப்பூச்சி. சனிக்கிழமை மாலை சென்னை நிறுவனத்தின் வண்டி வரும்போது அறுநூறு பூச்சிகள் தயாராக இல்லையென்றால், வேலை வேறு ஊருக்குப் போய்விடும். அவள் சொல்லை நம்பித் தையல் வேலையை விட்டு வந்தவர்கள் அந்த ஐவரும். இன்று வியாழன்.

பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல் தயங்கி வந்தது.

"அந்த மடையன் நான்தாங்க."

திரும்பினாள். மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றுக்குக் கீழே, சிரிக்கலாமா என்று அனுமதி கேட்கும் கண்கள். அழகாயிருக்கிறான் என்று தோன்றியதே அவளுக்குக் கூடுதல் எரிச்சலாயிற்று. விழுப்புரத்தில் மணிக்கடை வைத்திருக்கும் கோபியின் தம்பி அவன், பெயர் பூவரசன். திண்டிவனத்தில் சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

பதினாறாம் எண் முள்ளுக்கு இரண்டு மில்லிமீட்டர் மணி அறுநூறு, பத்தாம் எண் முள்ளுக்கு மூன்றரை மில்லிமீட்டர் மணி அறுபது என்று அவள் எழுதியிருந்தாள். பெரிய எண்ணுக்குச் சிறிய மணியா... பாவம், அவசரத்தில் எழுதிவிட்டாள் என்று இரக்கப்பட்டு, அளவுகளை அவன் இடம் மாற்றிவிட்டானாம். உதவி செய்ததாகவே நினைத்தானாம்.

அவள் பையிலிருந்த டப்பாவைத் திறந்து, கொசுவளவு முள் ஒன்றை உள்ளங்கையில் வைத்தாள்.

"இது பதினாறு." பக்கத்தில் பெரியதொன்றை வைத்தாள். "இது பத்து. நம்பர் ஏற ஏற முள்ளு சிறுசாவும். தெரியலன்னா கேக்கணும்ல?"

அவன் அனுப்பிய மணியைப் பதினாறில் கோத்துக் காட்டினாள். அது முள்ளின் காதையும் தாண்டி வழுக்கி விழுந்து, ஈரத்தரையில் உருண்டு, நடத்துநரின் செருப்பருகே போய் நின்றது.

"தப்புதாங்க." இப்போது அவன் குரலில் சிரிப்பு இல்லை. அவள் கோபம் நூலளவு தளர்ந்தது.

கடையில் அது மறுபடி இறுகியது. கையிருப்பிலிருந்த இரண்டு மில்லிமீட்டர் மணிகள் வேறொருவருக்கு எடுத்துவைத்தவை என்றார் கோபி. தவறு கடையுடையதென்றால் அவற்றைத் தந்துவிடலாம். எழுதியவருடையதென்றால் திங்கள்வரை பொறுக்க வேண்டும். சொல்லிவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"போன மாசமும் ஒரு பேஜாரு பண்ண. இதுவும் நீதானா?"

பூவரசன் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சொல் போதும்... அது வரவில்லை.

ஆஷ்லின் பொட்டலங்களைப் பையில் போட்டாள். "பஸ்ல வந்தவரு வேற ஆளு போலருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அளவை மாற்றியது அறியாமை, அதை மன்னிக்கலாம். வாயை மூடிக்கொண்டது? அதைவிட, அந்தக் கண்களை முக்கால் மணி நேரம் நம்பிய தன்மீதுதான் அவளுக்குத் தாங்க முடியாத கோபம்.

வெள்ளி காலை, வெறும் முட்களின் முன்னால் ஆறு பெண்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தபோது, நனைந்த சட்டையோடு அவன் வாசலில் நின்றான். ஒரு கையில் மணிப் பொட்டலம். மறுகையில் அவள் எழுதிய சீட்டு; அதில் சிவப்பு மையில் அவனுடைய திருத்தம்.

"இவங்க எழுதினது சரி. நான்தான் மாத்தினேன். அண்ணங்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வர்றேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"ஆஷ்லின், நீ சொன்ன மடையன் இவருதானா?" என்றாள் வேணி. மற்றவர்கள் சிரித்தார்கள். ஆஷ்லின் சிரிக்கவில்லை.

"நேத்தே வாயத் தொறந்திருந்தா ஒரு நாள் மிச்சம். நிக்காதீங்க, ஜல்தி உக்காந்து மணியக் கோத்துக் குடுங்க. எதையும் திருத்தாதீங்க."

அன்றும் மறுநாளும் அவன் கோத்துக் கொடுத்தான், அவர்கள் கட்டினார்கள். ஒரு சந்தேகம் வந்தாலும் கேட்டான். கேட்கும்போதெல்லாம் அவள் வெடுக்கென்றே பதில் சொன்னாள்... சொல்லிவிட்டு ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

சனிக்கிழமை மாலை அறுநூறு பூச்சிகளோடு வண்டி போயிற்று. தூறலில் அவன் இன்னும் நின்றிருந்தான்.

"தெரியலன்னா கேக்கணும்னு சொன்னீங்க..."

"கேளுங்க."

"எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. உங்களுக்கு?"

அவள் அடுத்த வாரத்துக்கான சீட்டில் எதையோ எழுதி நீட்டினாள். பதினாறுக்கு இரண்டு. பத்துக்கு மூன்றரை. ஆஷ்லினுக்குப் பூவரசன்.

அவன் இருமுறை படித்தான்.

"இது நெசமாங்க?"

"நான் எழுதினா சரியாத்தான் இருக்கும்." குரலில் கோபம் இன்னும் மிச்சமிருந்தது. "இதுல கை வெச்சீங்க..."

பூவரசன் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.