கடைசி ரீலில் ஒரு சிறுமி

அல் கூஸ் தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கைத் திரையரங்காக மாற்றியிருந்தார்கள். மாலைக் காட்சிக்கு நீலா வயலின் பெட்டியுடன் உள்ளே நுழைந்தபோது, ஏசி குளிரையும் மீறித் துருப்பிடித்த இரும்பின் வாசனை அடித்தது. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய ஊமைப்படம். அதற்கென்றே அந்தக் காலத்தில் எழுதிய இசையை, திரைக்குக் கீழே இருளில் உட்கார்ந்து ஒரு குழுவே வாசிக்க வேண்டும்.

மகள் ஷ்ருதி காய்ச்சலில் இறந்த பிறகு நீலா வயலினைத் தொடவே இல்லை. கணவர் சீதாராமன்தான் வற்புறுத்தி இந்தக் குழுவில் சேர்த்துவிட்டார்.

கடைசி ரீலில், வெள்ளம் வடிந்த ஊரில் பிழைத்த குழந்தைகள் மாதாகோவில் படிகளில் இறங்கி வருவார்கள். வயலின்கள் மட்டும் தாழ்ந்து அழும் இடம். ஒத்திகையில் பலமுறை பார்த்த காட்சிதான்.

அன்று ஒரு சிறுமி கூடுதலாக இருந்தாள்.

மற்றக் குழந்தைகள் தாய்மாரிடம் ஓடினார்கள். அவள் மட்டும் நின்றாள். மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னல். முன்பல் விழுந்த வாய்.

ஷ்ருதி.

அவள் உதடுகள் அசைந்தன. சத்தமில்லை. ஆனாலும் நீலாவுக்குப் புரிந்தது.

அம்மா.

இசை முடிந்து எல்லாரும் வில்லை இறக்கினார்கள். நீலா நிறுத்தவில்லை. திரை இருண்ட பிறகும் கடைசி வரியையே திரும்பத் திரும்ப வாசித்தாள். பார்வையாளர் வரிசையிலிருந்து சீதாராமன் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்.

காரில் அவள் கிசுகிசுத்தாள்: “பாத்தீங்களா? நம்ம கொழந்தைய?”

“போதும் நீலா. குவைத் ஷோவுக்கு நீ போக வேண்டாம்.”

“அவ என்னைத் தேடுவாளே!”

“தேடறதுக்கு அவ இல்லம்மா.” சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

குவைத்தில் அதே படத்துக்கு, நீலாவின் நாற்காலியில் அங்கேயே ஃபர்வானியாவில் வசிக்கும் ஜொஹரா உட்கார்ந்தாள். நீலாவுக்கு ஒரு மகள் இருந்ததே அவளுக்குத் தெரியாது. காட்சி முடிந்ததும், குழுவில் கேட்டு வாங்கிய நீலாவின் எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தவர் சீதாராமன்.

“அண்ணா, கடைசி ரீல்ல ரெட்டைப் பின்னலோட ஒரு பொண்ணு வர்றாளே, அது யாரு?”

அவர் எழுந்துபோய் நீலா தூங்கும் அறைக் கதவைச் சாத்தினார்.

“மத்தப் பிள்ளைங்கல்லாம் போனதுக்கப்புறம் படியிறங்கி முன்னாடி வந்தாண்ணா. வாசிக்கிற எங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தா. என் முகத்தையும் பாத்தா.” ஜொஹராவின் குரல் உடைந்தது. “அப்புறம் அழுதுக்கிட்டே திரும்பிப் போயிட்டாண்ணா.”