கோரை சாகவில்லை!

“ஐயோ... மொதலாளி!”

தோட்டக்காரி பொன்னாயியின் அலறலில் அரியலூர் சிமெண்ட் கம்பெனி கெஸ்ட் ஹவுஸே நடுங்கியது.

புல்தரையில் குருநாதன் குப்புறக் கிடந்தான்.

பக்கத்தில் கவிழ்ந்த ப்ளாஸ்க். சுக்குக் காபியோடு களைக்கொல்லி நெடி!

இன்ஸ்பெக்டர் அய்யம்பெருமாள் குனிந்து பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். தலையைச் சுற்றிக் கோரைப்புல் பச்சைப் பசேலென்று நின்றது.

“இங்க மருந்தே அடிக்கறதில்லையா?”

போன வாரம்தான் அடித்ததாகச் சொன்னாள் பொன்னாயி. “எத்தினி அடிச்சாலும் இந்தச் சனியன் சாவ மாட்டேங்குதுங்க.”

இன்ஸ்பெக்டர் ஒரு கோரையைப் பிடுங்கிப் பார்த்தார். உடலை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

1988-ல் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் வைத்துப் புல்தரை பராமரிப்பு காண்ட்ராக்ட் நடத்திய ஒரே ஆள் குருநாதன். களைக்கொல்லி பாட்டில் ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு. எந்த பாட்டில், எந்தப் புல்தரைக்கு... எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏற்றுபவள் அவன் மனைவி சாந்தா. மருந்தடிப்பது பால்ய சிநேகிதன், பார்ட்னர் தர்மன். காலி பாட்டிலை ஸ்டோர் அலமாரியில் வைத்தால்தான் புது பாட்டில். அது குருநாதன் போட்ட சட்டம். பார்ட்னருக்கும் விலக்கில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி அறை.

வெள்ளைத் துணி போர்த்திய உருவம். அருகில் சாந்தா விசும்பினாள். தர்மன் தலைகுனிந்து நின்றான்.

“கம்ப்யூட்டர் பேப்பர் கொண்டாந்தீங்களாம்மா?”

நீட்டினாள். வாங்கிப் புரட்டினார் இன்ஸ்பெக்டர்.

“ஏழாம் நம்பர் பாட்டில் வெளியவே போகலைன்னு போட்டிருக்கு. சரிதானே?”

“ஆமாங்க சார். ஸ்டோர்லதான் இருக்கு.”

“இருக்கு...” பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். நம்பர் ஏழு. “ஆனா காலியா இருக்கு. காலி பாட்டில் வைக்கிற அலமாரியில இருந்து நானே எடுத்தேன். போகாத பாட்டில் எப்படிம்மா திரும்பி வந்துச்சு?”

சாந்தாவின் விசும்பல் நின்றது.

ஸ்டோர் சாவி தர்மனிடம். கம்ப்யூட்டர் சாந்தாவிடம். மூன்றாவது ஆளுக்கு இடமே இல்லை!

“மடையா!” தர்மன் பக்கம் சீறினாள் சாந்தா. “நான்தான் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்னு சொன்னேன்ல? காலிய ஏன்டா அலமாரியில வச்சே?”

தர்மன் தன் கையையே பார்த்தான்.

“பழக்கம் சாந்தா... கை தானா வச்சிருச்சு.”

“ஒன்ன நம்பி எறங்குனேன் பாரு...”

“நீ மட்டும் என்ன? அவன் நாற்காலியும் ஒனக்கு, நானும் ஒனக்குன்னு நீதானே சொன்னே?”

வெள்ளைத் துணி அசைந்தது.

மெதுவாக எழுந்து உட்கார்ந்தது!

சாந்தா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

குருநாதன் மனைவியைப் பார்க்கவில்லை. தர்மனையே பார்த்தான். கண்கள் நிறைந்திருந்தன.

“ஒரே தட்டுல சாப்ட்டமேடா மச்சான்... ஒங் கையால குடுத்த காபின்னுதானே மோந்துகூட பாக்காம குடிச்சேன்...”

தர்மன் பின்வாங்கினான். உதடுகள் தாமாக உளறின.

“பாட்டில் முழுக்கக் காபியில ஊத்துனேனே... எப்படி?”

இன்ஸ்பெக்டர் பாட்டில் மூடியைத் திருகிக் காட்டினார். சீல் பிரித்து மறுபடி ஒட்டிய தடம்.

“முக்காவாசி தண்ணி. கலந்தது யாருன்னு நீங்களே சொல்றீங்களா குருநாதன்?”

குருநாதன் தலை கவிழ்ந்தது. பாட்டிலில் தண்ணீர், பில்லில் முழு விலை. சிமெண்ட் கம்பெனிக்காரன் ஏமாந்தான் என்று இத்தனை நாள் சிரித்தவன் அவன்தான்.

“துரோகம் பண்ணது இந்த ரெண்டு பேரு மட்டும்தான் சார்...” என்று முனகினான்.

இன்ஸ்பெக்டர் மூன்றாவது விலங்கைக் கேட்டு வாங்கினார்.

“அந்த மருந்துக்குக் கோரைப்புல்லே சாகலை... நீங்க எங்க சார் சாவீங்க? கையை நீட்டுங்க!”